ராணுவ அறிபுனை: லேசர் துப்பாக்கியை முதலில் கீழே வையுங்கள்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். சனிக்கோளின் வளையங்களுக்குள் இரண்டு விண்கப்பல்கள் மோதுகின்றன, லேசர் பறக்கிறது, ஆயுத வர்ணனை மட்டுமே மூன்று பக்கம். பெருமை தாங்காமல் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் மாமாவிடம் (சொந்தமில்லை, குமரி மாவட்டத்தில் எங்கள் தக்கலைப் பக்கம் எல்லோரும் மாமாதான்) வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சாயாவை ஒரு மடக்கு குடித்தார். "எல்லாம் கொள்ளாம் மக்ளே. இவனுவளுக்குச் சோறு எங்கேருந்தாக்கும் வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ராணுவ அறிபுனை என்றால் அறிவியல் கதைக்குள் நடக்கும் போர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை வாசிப்பவர்களும் எழுத நினைப்பவர்களும் முதலில் சறுக்குவது நான் சறுக்கிய இதே இடத்தில்தான், ஆயுதம்தான் கவர்ச்சி என்று நினைத்துவிடுகிறோம். ஆயுதம் முதல் பத்துப் பக்கத்துக்குத்தான் தாங்கும். அதற்கப்புறமும் நம்மைப் பிடித்து வைப்பது வேறு: முன்பின் தெரியாத இருபது பேரை ஒரே கொட்டடியில் போட்டு, ஒருவனுக்காக இன்னொருவன் சாகத் துணியும் அளவுக்கு எப்படி மாற்றுகிறார்கள் என்பது, உத்தரவு தப்பு என்று தெரிந்தும் கீழ்ப்படிய வேண்டிய சங்கடம், அப்புறம் காத்திருப்பு. மாமா தன் சர்வீஸைப் பற்றிச் சொல்லும்போது துப்பாக்கி சுட்ட கதை ஒன்றோ இரண்டோதான் வரும், மீதியெல்லாம் குளிர், லாரி, கடிதம், மெஸ் சப்பாத்தி.

சோற்றுக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு நம்ம ஊரிலேயே பதில் இருக்கிறது. 1741இல் குளச்சலில் இறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அன்றைக்கு உலகத்தின் பெரிய கடல் வல்லரசு ஒன்றின் படை. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் ஆட்கள் சுற்றி வளைத்ததும் வேலியடைத்த முகாமுக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். கம்பெனிக்கு ஜாவாவில் வேறொரு சண்டை தலைக்கு மேல் இருந்ததால் அங்கிருந்து ஆள் வரவில்லை. ஆகஸ்டு மாதம் ஒரு பீரங்கிக் குண்டு முகாமுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்து, அரிசியும் எரிந்துபோனது, இரண்டொரு நாளில் சரணடைந்தார்கள். குண்டு செய்த சேதத்தைவிட அரிசி போனதுதான் கதையை முடித்தது. விண்வெளிக்கும் இது அப்படியே பொருந்தும், அங்கே அரிசியோடு காற்றும் தண்ணீரும் எரிபொருளும் சேர்ந்துகொள்ளும். ஆரல்வாய்மொழி தாண்டினால் வரும் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களை எரித்துச் சோதிக்கிறதே, அந்த ராக்கெட்டுகளின் எடையில் பெரும்பகுதி எரிபொருள்தான். ஆகவே உங்கள் நாயகன் கப்பலை அப்படியே திருப்பி எதிரியைத் துரத்துகிறான் என்று எழுதும்போது, திரும்புவதற்கும் நிற்பதற்கும் எரிபொருள் எங்கே என்று ஒரு வரியாவது யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு தப்பு, விண்வெளியைக் கடலாகவோ வானமாகவோ எழுதுவது. கப்பல் சாய்ந்து வளைகிறது, வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது, என்ஜினை அணைத்தால் நின்றுவிடுகிறது. வெற்றிடத்தில் சத்தம் போக வழியில்லை, என்ஜினை அணைத்தால் கப்பல் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். இருட்டில் பதுங்குவதும் லேசில்லை. வெற்றிடத்தில் சூட்டைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியே தள்ள முடியும் என்பதால், மனிதர்கள் உயிரோடிருக்கும் எந்தக் கப்பலும் குளிர்ந்த பின்னணியில் அடுப்பு மாதிரித் தெரியும். இதெல்லாம் கதைக்குத் தடை என்று நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கென்னவோ கதையே இங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போக, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, மூன்று நிமிஷத்திலிருந்து இருபத்திரண்டு நிமிஷம் வரை ஆகும், பதில் வர இன்னொரு அவ்வளவு. அந்த நேரத்துக்குள் அங்கே இருக்கிற கமாண்டர் தனியாக ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், தலைமையகம் சொல்லும் "வேண்டாம்" வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். செய்தி போய்ச் சேராத தூரம் என்றால் என்னவென்று தூத்தூர், வள்ளவிளை மீனவர் வீடுகளில் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை.

பதவிப் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக: படை முழுக்கக் கேப்டனும் கர்னலுமாக இருந்தால் வேலை யார் செய்வது? ஹவில்தார், நாயக், சுபேதார் இல்லாத பட்டாளம் கதையில்கூட ஓடாது.

எதிரியைப் புழு பூச்சியாக்குவது சோம்பேறித்தனம். பூச்சி வரக்கூடாது என்றில்லை, வந்தால் அதற்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். குளச்சலில் பிடிபட்ட டிலனாய் என்ற கம்பெனி ஆள், தன்னைத் தோற்கடித்த ராஜாவின் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தானாகி (பெரிய தளபதி), 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. இதை ஒருவர் விண்வெளியில் வைத்து எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று சொல்லியிருப்போம்.

இனி வாசகர்கள் செய்யும் தவறு. போரைப் பற்றி எழுதினாலே போரை ஆதரிக்கிறார் என்று முடிவு கட்டுவது. ராபர்ட் ஹைன்லைனின் ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் 1959இல் வந்தது. கடற்படை அகாடமியில் படித்து, காசநோயால் 1934இல் பணியிலிருந்து விலக வேண்டி வந்தவர் அவர், சண்டையை நேரில் பார்த்ததில்லை. நாவலில் சண்டையைவிடப் பயிற்சியும் வகுப்பறை விவாதமும்தான் அதிகம், பொதுச்சேவை செய்தவனுக்கே ஓட்டுரிமை என்ற அதன் உலகத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, ஆனாலும் கையிலிருந்து கீழே வைக்க முடியவில்லை. 1974இல் வந்த தி ஃபாரெவர் வார் நேர் எதிர்த்திசை. அதை எழுதிய ஜோ ஹால்ட்மேன் இயற்பியல் படித்தவர், வியட்நாமுக்கு அனுப்பப்பட்டு அங்கே காயம்பட்டவர். இரண்டும் ஒரே வகைக்குள்தான் இருக்கின்றன. இந்த வகை போரைக் கொண்டாடுகிறதா கண்டிக்கிறதா என்று கேட்பது, கடற்கரைக் கதையெல்லாம் கடலை ஆதரிக்கிறதா என்று கேட்கிற மாதிரி. ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸை 1997இல் படமாக்கிய பால் வெர்ஹோவன் அதைக் கிண்டலாகவே எடுத்தார், அதையும் நேராக எடுத்துக்கொண்டு திட்டியவர்கள் இருந்தார்கள்.

ஹால்ட்மேனின் நாவலில் சிப்பாய்க்குச் சில வருஷங்கள் ஓடும்போது, ஒளியின் வேகத்தை ஒட்டிய பயணத்தால் பூமியில் நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தால் பேச்சு புரியவில்லை, பழக்கம் புரியவில்லை. வேகம் கூடினால் காலம் மெதுவாக ஓடும் என்ற வெறும் ஐன்ஸ்டீன் வித்தையாக இதை வாசித்துவிட்டுப் போனால் பாதி நாவல் போச்சு. நம்ம மாவட்டத்தில் பட்டாளத்துக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பாத தெரு குறைவு. மாமா ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கிட்டத்தட்ட மூன்று நாள் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தபோது, அவர் மகள் அவரைப் பார்த்து அழுதுகொண்டு அடுக்களைக்குள் ஓடியிருக்கிறாள். யாரோ வந்திருக்கிறார் என்று.

என் கதையைத் திருத்தி மறுபடி வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை ரேஷன் கணக்கு பார்க்கும் ஒரு ஸ்டோர் கீப்பரிடமிருந்து தொடங்கியிருந்தேன், அரிசி வந்துவிட்டது, பதவிகளும் சரி. மாமா தலையாட்டினார். அப்புறம், "லீவு எப்பமாக்கும்?" என்றார். என் கப்பல் போகவே நாற்பது வருஷம் ஆகும், அதனால் அந்தக் கதை இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது.

புதிதாக வாசிக்கப் போகிறவர்கள் 1959ஐ முதலில் முடித்துவிட்டு, இரண்டு நாள் அதனோடு சண்டை போட்டுவிட்டு, அப்புறம் 1974ஐ எடுங்கள். மாற்றிப் படித்தால் ஹைன்லைன் மேல் கோபம் மட்டும்தான் மிஞ்சும், அவர் பயிற்சி முகாமை எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார் என்பது கண்ணில் படாது.