கொழும்புச் சம்பளத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தது எப்படி

கொழும்பில் வணிக ஒப்பந்தங்களைப் பார்த்த சட்டத்தரணியான நான், நள்ளிரவிலும் ஓயாத அழைப்புகளால் பிள்ளைகளோடு பேசவே நேரமின்றிப் போனதால், பெரிய சம்பளத்தை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் தனியே தொழில் தொடங்கினேன். விலகுமுன் வாகனக் கடனை அடைத்து, வருமானமின்றியும் ஓராண்டு வீடு நடக்கும் அளவுக்குச் சேமித்தேன். இதைச் செய்யாமல் எவரும் வேலையை விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இங்கு என்னிடம் வருபவை பெரும்பாலும் பெமிற் காணிப் பிணக்குகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தின் மூலம் கொடுத்த காணிகள் பற்றியவை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தகப்பனுக்குக் கிடைத்த பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும், அவருக்குப் பின் காணியைப் பெறவேண்டிய பின்னுரித்தாளரின் பெயர் பதியப்பட்டிராது. அச்சட்டம் 2022 இல் திருத்தப்படும்வரை மகள்மாரைவிட மகன்மாருக்கே முன்னுரிமை கொடுத்ததால் சகோதரங்களுக்குள் மனத்தாங்கலும் சேர்ந்திருக்கும். பலவற்றைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலேயே பேசித் தீர்க்கலாம் என்பதால், மாலைக்குப் பின் கட்சிக்காரரைச் சந்திப்பதில்லை என்ற விதியைக் கடைப்பிடிக்க முடிகிறது. வருமானம் வெகுவாகக் குறைந்தாலும், இராச்சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருக்கிறேன்.