சால்வை போதாது: சேலத்து வார்டுகளில் கலைப்பணி தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

கலையை வைத்து நம் வார்டை முன்னேற்றலாம் என்று யாராவது பேச்செடுத்தால், சேலத்தில் முதலில் வந்து இறங்குவது பெயின்ட் டப்பாதான். பள்ளிச் சுவரில் ஒரு மயில், பரதம் ஆடும் பெண், பக்கத்தில் ஒரு திருக்குறள். மூன்றாவது மாதம் அதன்மேல் யாரோ காதணி விழா சுவரொட்டி ஒட்டிவிடுகிறார்கள். சுவரில் வரைவதைக் குறை சொல்லவில்லை. அம்மாப்பேட்டையில் தறிக்காரரும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரரும் நாள் முழுக்கப் பூவும் கொடியுமாக வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டுப் படியேறி ஒரு வார்த்தை கேட்காமல், எங்கிருந்தோ எடுத்த படத்தை ஒட்டுவதுபோல் வரைவதுதான் தவறு.

மேடைப் பேச்சுக்கும் இது பொருந்தும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் பெருமையைச் சொல்லாமல் இங்கே எந்தக் கலைவிழாவும் தொடங்குவதில்லை. ஏற்காடு சாலையில் மிஞ்சியிருக்கும் அந்த நுழைவாயில் வளைவைப் பற்றிப் பேசியே பாதி நேரம் போய்விடுகிறது. இன்று இருப்பவர்களுக்கு மீதி நேரம்தான் கிடைக்கிறது.

அப்படி மீதி நேரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் கூத்துக்காரர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார்டு விழாவில் பார்த்தேன். மாலை நான்கு மணிக்கே அரிதாரம் பூசி, மர அணிகளான கட்டை கட்டி உட்கார்ந்திருந்த ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ஒன்பது மணிக்கு மேல் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். கூத்தில் ஒரு வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடி, தன்னை அறிவித்துக்கொண்டு, திரை விலகிச் சபைக்கு வரவே அதற்குமேல் ஆகும். முகவீணை என்னும் சிறு குழலை ஊதுபவர் மூச்சைப் பிடித்ததும் நிகழ்ச்சித் தொகுப்பாளர் நன்றி சொல்லிவிட்டார். ஜமாவை நடத்தும் வாத்தியாருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வேன் வாடகை அவர் கையிலிருந்து போயிற்று. வீட்டில் இதுபோல் ஒரு பெட்டி நிறையச் சால்வை இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கூத்துக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் பேசுவது ஊர் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் தவறாமல் செய்யும் இதை, கவுன்சிலரும் விழாக் குழுவும் ஏன் மறக்கிறார்கள்? கூலி எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, எத்தனை மணிக்குச் சபை என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். முழு இரவுக் கூத்து வைப்பதானால் ஒலிபெருக்கியையும் யோசிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது வெளியில் அதற்குத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். இதைப் பார்க்காமல் நோட்டீஸ் அடித்துவிட்டு, போலீஸ் வந்ததும் பாதியில் நிறுத்தினால் அவமானப்படுவது ஆட்டக்காரர்தான், குழுத் தலைவர் அல்ல. அருகில் இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கும் சிறு சபையும் கூத்துக்குப் புதிதில்லை.

இன்னொரு வேலை, புகைப்படத்துக்கு உதவாதது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. உங்கள் வார்டுக் கலைஞர்களில் யாருக்கு உறுப்பினர் அட்டை இருக்கிறது, யாருக்குப் புதுப்பிக்காமல் கிடக்கிறது? கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் வந்தால் ஒரு விழாவைவிட அதிகப் பயன் உண்டு.

புதிதாக ஒரு கலைவிழாவைக் கண்டுபிடிப்பது அடுத்த ஆசை. ஆடி மாதம் சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கிறது. அந்தந்தப் பகுதிக்காரர்கள் கூடிப் பேசி, புராணக் காட்சி ஒன்றைத் தேர்ந்து, வண்டி அலங்கரித்து, வேடம் கட்டி ஏறுகிறார்கள். யார் பணம் போடுவது, யார் சாமியாக உட்காருவது, யார் விளக்குப் பிடிப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தலைவர் என்பவர் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. தன் பெயரைப் பெரிதாகப் போட்ட ஃபிளெக்ஸுடன் போய் அதைத் தன் திட்டமாக்குவதைப்போல் கெடுதல் வேறில்லை.

வரவு செலவை எழுதி ஒட்டுங்கள்; இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும், மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் உண்டு. கலைச் செலவை அங்கே வாசித்தால், கவுன்சிலர் மாறினாலும் வேலை நிற்காது.

மலைமேலும் இதே கதைதான். ஏற்காடு கோடை விழாவுக்கு மலையாளி மக்களின் ஆட்டக் குழுவை அழைக்கிறோம் (சேர்வராயன் மலையின் பழங்குடியினர் இவர்கள், கேரளத்தவர் என்று எண்ணி அறிமுகப்படுத்துபவர்களும் உண்டு). அவர்கள் கும்பிடும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான் வருகிறது. குழுவினர் அன்று எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.