பாத்திரம் கழுவும் பைப்பில் சல்லடை மாட்டுவது எப்படி?

எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்றதெல்லாம் போர் தண்ணீர். "உப்புத் தண்ணிதானுங்க" என்று பைப்பைத் திறந்துவிட்டபடியே பாத்திரம் கழுவுவோம். அதை மேலே ஏற்றும் மோட்டார் ஓசியில் ஓடுவதில்லை என்பது கரண்ட் பில் வந்த பிறகுதான் உறைத்தது. பைப் வாயில் ஒரு சின்னச் சல்லடை மாட்டினால் இந்தத் தண்ணீர்ச் செலவைக் குறைக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள். பைப்பை முழுதாகத் திறந்து, ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 5 நொடி என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். 15 நொடிக்கு மேல் ஆனால் சல்லடை வாங்கவே வேண்டாம். டேங்க்குக்கு நேர் கீழே இருக்கும் மாடி வீடுகளில் அழுத்தம் குறைவு, இருக்கும் தண்ணீரும் நூலாகிவிடும்.

அடுத்து, சொட்டுகிறதா? பல சுற்றுத் திருகும் பழைய பைப் என்றால் தண்ணீர் வரும் குழாயை அடைக்கும் கேட் வால்வை மூடிவிட்டு உள்ளே இருக்கும் வாஷரை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். கால் சுற்றில் திறக்கும் பைப்புக்கு உள் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

இனி சல்லடை. கடையில் ஏரேட்டர் என்று கேளுங்கள். காற்றைக் கலந்து விடுவதால் குறைந்த தண்ணீரே நிறைய வருவது போலிருக்கும். பைப் வாயில் மரை வெளியே இருந்தால் பெரும்பாலும் 22 மி.மீ., உள்ளே இருந்தால் பெரும்பாலும் 24 மி.மீ. ஏரேட்டர் ஏறும். வேறு அளவாகவும் இருக்கலாம். குழப்பமா? வாயில் ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் விடுவதே பாத்திரம் கழுவப் போதும். ரப்பர் வாஷரை உள்ளே வைத்துக் கையாலேயே இறுக்குங்கள். டெஃப்லான் டேப் தேவையில்லை. கசிந்தால் மட்டும், துணி சுற்றி ஸ்பேனரால் ஒரு சின்னத் திருகு.

போர் தண்ணீருக்கு ஒரு தொல்லை உண்டு: வலையில் உப்பு வெள்ளையாகப் படியும். தண்ணீர் கோணலாகப் பீச்சத் தொடங்கினால் கழற்றி, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

வாஷ் பேசினுக்குக் காசே வேண்டாம். அடியில் இருக்கும் சின்ன வால்வை (ஆங்கிள் காக்) பாதி மூடினால் சரி.

பக்கெட் பிடிக்கும் பைப்பில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். பக்கெட்டுக்கு எப்படியும் அதே தண்ணீர்தான் வேண்டும். நான் மாட்டினேன், அம்மா அன்று மாலையே கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டார்.