லாரியின் முன்சக்கரம் வேகத்தில் உதறுகிறதா? பட்டறைக்குப் போகுமுன் நீங்களே பார்க்க வேண்டியவை

50ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறுகிறது. வேகத்தைக் குறைத்ததும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, வாசலில் நடை வேகத்தில் வந்து நிற்கும் வண்டியில் எந்தக் கோளாறும் தெரியாது. “சரி, அலைன்மென்ட் பண்ணிப் பார்க்கலாம்” என்பார்கள், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. பணம் போகும், உதறல் போகாது.

வேகத்தோடு வந்து வேகத்தோடு போகும் உதறலுக்கு அலைன்மென்ட் முதல் சந்தேகமாக இருக்கவே கூடாது என்பேன். டயர், ரிம், நட்டு, பேரிங், ஸ்டீயரிங் மூட்டுகள் என்று வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போக வேண்டும். அலைன்மென்ட் வரிசையில் கடைசி. சிங்கப்பூரில் 10 அடி, 14 அடி லாரி (சரக்குத் தட்டின் நீளம்) ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பழுதை நீக்குவது பட்டறையின் வேலை. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதில் பாதிக்கு மேல் நீங்களே செய்துவிடலாம்.

ஏன் வேகத்தில் மட்டும்?

14 அடி லாரிகளில் பரவலாக இருக்கும் 16 அங்குல ரிம் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏழு சுற்றுக்கு மேல். ரிம் விளிம்பில் ஒரு பக்கத்தில் மட்டும் 100 கிராம் அதிகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30இல் அது சக்கரத்தை வெளிப்பக்கம் இழுப்பது சுமார் 1 கிலோ பாரத்துக்குச் சமம். 60இல் வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் இழுப்பு நான்கு மடங்கு, அதாவது 4 கிலோ. நொடிக்கு ஏழு முறை அந்த இழுப்பு திசை மாறி மாறி வருகிறது. முன் அச்சும் ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங் கம்பிகளும் தாமாக ஆடுவதற்கென்று ஒரு தாளம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, இந்த இழுப்பு அந்தத் தாளத்தோடு சேரும் வேகத்தில்தான் கையில் உதறல் தெரிகிறது.

நம் ஊருக்கு மட்டும் ஒரு விஷயம். கார்களைப் பற்றிய வீடியோக்களில் “80இல் தொடங்கும், 100 தாண்டினால் அடங்கிவிடும்” என்று சொல்வார்கள். சிங்கப்பூரில் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டிய லாரிக்கு விரைவுச்சாலையில் 60தான் உச்சம், அதற்கு உட்பட்ட சிறிய சரக்கு வண்டிக்கு 70. ஆகவே உதறல் ஏறுவதை மட்டும்தான் நாம் பார்ப்போம், இறங்குவதைப் பார்க்க வாய்ப்பில்லை. அடங்குகிறதா என்று பார்க்க 80 வரை மிதிக்க வேண்டாம். அது தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

படி 1: ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்

ஞாயிறு காலை போல போக்குவரத்துக் குறைந்த நேரமாகப் பாருங்கள். பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்தச் சோதனை வேண்டாம். துவாஸ் பக்கம் போகும் தீவு விரைவுச்சாலை போல நேராகவும் சமமாகவும் இருக்கும் தடம் நல்லது. இடது தடத்திலேயே இருந்து 40, 45, 50, 55, 60 என்று ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் நிலையாக ஓட்டுங்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து எழுதட்டும். ஓட்டுகிறவர் கைப்பேசியைத் தொட வேண்டாம்.

எழுத வேண்டியது உதறல் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே தெரிகிறது, பிரேக் மிதித்தால் என்ன ஆகிறது என்பதுதான். பழுது எங்கே என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டீயரிங் இடம் வலமாகத் துடித்தால் முன்சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு). 45க்கு மேல் தொடங்கி வேகத்தோடு சீராகக் கூடினால் பேலன்ஸ் (சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இருப்பது) கெட்டிருக்கிறது, அல்லது ரிம்மில் ஏதோ ஒட்டியிருக்கிறது. 15, 20 வேகத்திலேயே வாத்து நடை போல வண்டியின் முகம் அசைந்தால் டயருக்குள் பட்டை பிரிந்திருக்கலாம், அல்லது ரிம் வளைந்திருக்கலாம். இது சட்டென்று வெடிக்கக்கூடிய நிலை. அதோடு விரைவுச்சாலைக்குப் போகாதீர்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டயரை விட்டுவிடுங்கள், பிரேக் டிரம் அல்லது டிஸ்க் வட்டம் கெட்டிருக்கிறது.

இன்னொன்று உண்டு. சாலை இணைப்பிலோ பள்ளத்திலோ ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் திடீரென்று பலமாகத் துடித்து, வேகத்தை நன்றாகக் குறைக்கும் வரை நிற்காது. பேலன்ஸ் கெட்டால் மட்டும் இப்படி ஆகாது. கிங் பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி), டை ராட் முனை (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் மூட்டு), பேரிங் இவற்றில் ஏதோ தளர்ந்திருக்கிறது. அப்படி நடந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகம் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டி எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை கட்டணமில்லாமல் இழுத்துச் செல்லும். அதே வண்டியை மறுபடி ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகும் வீரம் வேண்டாம்.

என்ஜினால் வரும் அதிர்வைப் பிரிப்பது எளிது. 50இல் ஒருமுறை நான்காம் கியரிலும் ஒருமுறை ஐந்தாம் கியரிலும் ஓட்டுங்கள். கியர் மாறியதும் அதிர்வு மாறினால் என்ஜின் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம்.

படி 2: சுற்றி வந்து பாருங்கள், தொடுங்கள்

வண்டி ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். முன் இரண்டும் கதவோரத் தகட்டில் இருக்கும் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். பாரத்தோடு வெகுநேரம் நின்ற வண்டியின் டயரில் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் உதறிவிட்டு டயர் சூடானதும் சரியாகிவிடுவது உண்டு. அதற்குச் செலவு வேண்டாம்.

அடுத்து ரிம்மின் உள்பக்கம். கட்டுமானத் தளத்துக்குப் போய்வரும் லாரி என்றால் இங்கேதான் முதலில் பார்ப்பேன். தளத்தைவிட்டு வெளியே வரும்போது தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம், ஆனால் அது பெரும்பாலும் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து, ரிம்மின் உள் குழியைப் பாருங்கள். காய்ந்த களிமண்ணோ சிமெண்டோ ஒரு பக்கமாக அப்பியிருக்கும். உள்ளங்கை அளவுக் கட்டி ஒன்றே 100 கிராமைத் தாண்டிவிடும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மழை நாளில் தளத்துக்குப் போய்வந்த மறுநாள் தொடங்கிய உதறல் என்றால், வேலை பலசமயம் இதோடு முடிந்துவிடும்.

ரிம் விளிம்பில் சிறு செவ்வகமாக ஓர் இடம் மட்டும் அழுக்கில்லாமல் பளிச்சென்று தெரிகிறதா? பேலன்ஸுக்காகப் பொருத்திய சிறு எடை விழுந்துபோன இடம் அது.

கையுறை போட்டுக்கொண்டு டயரின் மேற்பரப்பை முழு வட்டமாகத் தடவுங்கள். டயருக்குள்ளிருக்கும் கம்பி சில சமயம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வெறுங்கை வேண்டாம். மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரோ பேரிங்கோ பேலன்ஸோ காரணம். குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் டோ அளவு (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருக்கிறது. பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், டயரை மாற்றுங்கள்.

புதிதாக டயர் மாட்டிய பிறகு தொடங்கிய உதறலா? டயரும் ரிம்மும் சேரும் இடத்துக்கு அருகே டயரில் மெல்லிய வட்டக்கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. மாட்டிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.

படி 3: வீல் நட்டு

நட்டைச் சுற்றித் துரு நிறத்தில் கோடு வடிந்திருந்தால் அது தளர்ந்து ஆடியிருக்கிறது என்று பொருள். வண்டியின் கையேட்டில் சொன்ன இறுக்க அளவுக்கு (டார்க்), வட்டமாக இல்லாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்.

பழைய ஜப்பானிய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்தின் மரை எதிர்த் திசையில் இருக்கும். அதாவது வலப்புறம் திருப்பினால் கழலும். போல்ட்டின் முனையில் எல் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். “நட்டு அசையவே மாட்டேங்குது” என்று இரண்டு பேர் ஏறி நின்று மிதித்து, கழற்றுவதாக நினைத்து இறுக்கி, போல்ட்டையே முறித்துவிடுவது பட்டறைகளில் பழகிய கதை.

படி 4: தூக்கிப் பார்ப்பது

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். கான்கிரீட் தரை சிறந்தது. மதிய வெயிலில் இளகிய தாரில் ஜாக்கும் ஸ்டாண்டும் மெல்லப் புதையும், கீழே தடிமனான பலகை போடுங்கள். கை பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அச்சைத் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்ட் இல்லை என்றால் இந்தப் படியைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். “டக் டக்” என்று ஆட்டம் தெரிந்தால், துணைக்கு இருப்பவரிடம் “தம்பி, பிரேக்கை மிதிச்சுப் பிடி” என்று சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். இப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் பிடித்திருக்கும்போதும் ஆட்டம் இருந்தால் கிங் பின். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள சிறிய வண்டியானால் பால் ஜாயின்ட். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுகின்றன, நடுவில் உள்ள பேரிங்கின் ஆட்டம் தெரியாமல் போய்விடுகிறது. அதனால்தான் இந்த வித்தியாசம்.

பிறகு இடம் வலமாகப் பிடித்து அசையுங்கள். இங்கே ஆட்டம் என்றால் டை ராட் முனைகள், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), ஸ்டீயரிங் பாக்ஸ். எது என்று தெரிய வண்டியை மறுபடி தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்து சற்றுப் பிந்தித்தான் மறுபக்கம் நகரும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தெரியும்.

வண்டியை இறக்குமுன், சக்கரம் தூக்கியிருக்கும்போதே இன்னும் இரண்டு சோதனை. ஸ்டாண்டில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனை ரிம்மை ஏறக்குறைய தொடும்படி வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் கோணியிருக்கிறது, அல்லது ஹப் முகத்தில் (ரிம் பொருந்தும் இடத்தில்) துரு இருந்து ரிம் சரியாகப் படியவில்லை. அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை காத்திருந்து, அடியில் வந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். மூன்று நான்கு முறை செய்யுங்கள். எப்போதும் அதே குறி அடியில் வந்து நின்றால் பாரமான பக்கம் அது. பிரேக் உரசிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

படி 5: இடம் மாற்றிப் பார்ப்பது

இதுவரை ஒன்றும் சிக்கவில்லை என்றால், முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். பெரும்பாலான 14 அடி லாரிகளில் முன்னும் பின்னும் ஒரே ரிம்தான். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் குற்றவாளி டயர் அல்லது ரிம். ஸ்டீயரிங்கிலேயே இருந்தால் ஹப், பேரிங், மூட்டுகள் பக்கம் திரும்புங்கள். ரீட்ரெட் டயர் (மேற்பரப்பைப் புதிதாக ஒட்டிய பழைய டயர்) பின்னால் இருந்தால் அதை முன்னால் கொண்டுவராதீர்கள், சோதனைக்காகக் கூட.

படி 6: பட்டறையில் என்ன சொல்வது

“வண்டி ஆடுது அங்கிள்” என்று மட்டும் சொன்னால் அவர் ஊகித்துத்தான் தொடங்குவார். “48இல் ஆரம்பிக்குது, 60இல் அதிகம், பிரேக் போட்டாலும் மாற்றமில்லை, முன் டயரைப் பின்னால் போட்டால் சீட்டில் வருது” என்று சொன்னால் நேரே பேலன்சிங் மெஷினுக்குப் போவார். எந்த மொழியில் சொன்னாலும் சரி, எண்ணைச் சொல்லுங்கள். லாரிச் சக்கரத்தைப் பேலன்ஸ் செய்யும் மெஷின் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காருக்கு மட்டும் வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

தேய்ந்த மூட்டை மாற்றாமல் புது ஸ்டீயரிங் டாம்பர் மட்டும் போட்டு உதறலை அமுக்குவது சிலர் வழக்கம். கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும், உள்ளே தேய்மானம் தொடரும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மூட்டோ கிங் பின்னோ மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம், அப்போது அந்தச் செலவு நியாயமானது.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். அதற்கென்று பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் போதும்.