விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவான பார்ட்டிஷன் எழுத மறுக்கும்போது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கில், எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஓர் ஆசிரியை உயர்நிலை மாணவர்களுக்கு வீட்டில் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறார். அவருடைய மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். இருவருக்கும் ஒரே மடிக்கணினிதான். அம்மாவுக்கு விண்டோஸ், மகனுக்கு லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்கும்படி, பயிற்சித் தாள்களும் குடும்பப் படங்களும் வைத்திருக்கும் ‘பொது’ என்ற ஒரு பார்ட்டிஷன், அதாவது வட்டில் தனியாக ஒதுக்கிய ஒரு பிரிவு. அது விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தது. ஒரு சனிக்கிழமைக் காலை அந்தப் பையன் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து, “மாமா, டிஸ்க் போயிடுச்சா?” என்று கேட்டான். கோப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன, திறந்து படிக்கவும் முடிந்தது. ஆனால் ஒரு வரியைக்கூடத் திருத்திச் சேமிக்க முடியவில்லை. இத்தகைய நிலையில் வட்டு பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. விண்டோஸ் அந்தப் பிரிவை இன்னும் தன் கையிலிருந்து விடவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

பழுது பார்க்கத் தொடங்கும் முன் ஒரு வேலை உண்டு. படிக்க முடிகிறது என்றால், இழக்கக்கூடாத கோப்புகளை முதலில் வேறொரு விரலிக்கோ வெளி வட்டுக்கோ நகல் எடுத்துவிடுங்கள். பழுதுபார்க்கும் எந்தக் கருவியும் வட்டில் எழுதும். எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. நகல் எடுக்கும்போதே உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற செய்தி வந்தாலோ, வட்டு விட்டுவிட்டு நின்றாலோ, அது வன்பொருள் கோளாறாக இருக்கலாம். அந்த வட்டில் மேற்கொண்டு எதையும் முயலாதீர்கள்.

இனி காரணத்துக்கு வருவோம். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுக்கும்போது உங்கள் நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருப்பகுதியை மட்டும் நினைவகத்தில் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி உறங்க வைத்துவிடுகிறது. மறுமுறை கணினி விரைவாக எழுந்துகொள்வது அதனால்தான். ஆனால் அந்த உறக்க நிலைக்குள், ‘பொது’ பிரிவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் திறந்த நிலையிலேயே இருக்கிறது. இந்த நேரத்தில் லினக்ஸ் அங்கே ஏதாவது எழுதினால், மறுநாள் எழுந்திருக்கும் விண்டோஸுக்கு அது தெரியாது. தன்னிடம் உள்ள பழைய அட்டவணையை நம்பி அதன்மேலேயே எழுதிவிடும். லினக்ஸ் எழுத மறுப்பது உங்கள் கோப்புகளைக் காப்பதற்காகத்தான். வலுக்கட்டாயமாக இணைக்கும் ‘ஃபோர்ஸ்’ தேர்வை இந்த நிலையில் பயன்படுத்த வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் அதைச் செய்து, ஒரு தீபாவளியின் படங்கள் அனைத்தையும் நான் இழந்தேன்.

காரணம் இதுதானா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விண்டோஸிலிருந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து லினக்ஸுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட் கொடுக்கும்போது விண்டோஸ் உறங்காமல் முழுமையாக மூடிக்கொள்ளும். அப்படி வரும்போது எழுத முடிந்து, ஷட்டவுன் செய்து வரும்போது மட்டும் முடியவில்லை என்றால், சந்தேகமே வேண்டாம். அந்தப் பையனின் கணினியில் இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நிரந்தரமாகச் சரிசெய்ய, விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இணைப்பைச் சொடுக்குங்கள். அடுத்த பக்கத்தில் அமைப்புகள் மங்கலாகத் தெரியும். அவற்றை மாற்ற அனுமதிக்கும் மேல்வரியைச் சொடுக்கிய பிறகே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டத்திலுள்ள குறியை நீக்க முடியும். பெரிய புதுப்பிப்பு ஒன்று நிறுவப்பட்ட பிறகு இந்தக் குறி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வேறொருவரின் கணினி என்பதால் அமைப்பை மாற்றத் தயங்கினால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை மட்டும் முழுமையாக மூடும். இதே எச்சரிக்கை மறுபக்கத்துக்கும் பொருந்தும்: லினக்ஸை ஹைபர்னேட் செய்து உறங்க வைத்துவிட்டு விண்டோஸைத் திறந்து பொதுப் பிரிவில் எழுதினால், கேடு அதேதான்.

முழுமையாக மூடிய பிறகும் மறுப்புத் தொடர்ந்தால், அந்தப் பிரிவில் ‘சுத்தமாக மூடப்படவில்லை’ என்ற குறி தங்கியிருக்கலாம். மின்சாரம் போனதாலோ, பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணைத்ததாலோ அது வரும். விண்டோஸுக்குள் சென்று, அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதியிலுள்ள சோதனையை ஓட்டுங்கள். அல்லது செக்டிஸ்க் கட்டளையைத் திருத்தும் தேர்வோடு கொடுங்கள். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ், பெயரைக் கேட்டு எண்ணிவிடும் அளவுக்கு முழுமையான பழுதுபார்ப்பு அல்ல. அது சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி, மீதியை விண்டோஸ் சோதிக்கட்டும் என்று குறித்து வைக்கிறது. என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்த வடிவம். அதன் வைத்தியத்தை விண்டோஸிடமே விடுவதுதான் சரி.

லினக்ஸைப் புதுப்பித்த மறுநாளே சிக்கல் தொடங்கியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். என்டிஎஃப்எஸ் பிரிவை லினக்ஸில் படிக்கவும் எழுதவும் உதவும் நிரலுக்கு இயக்கி என்று பெயர். நெடுங்காலமாக இருந்துவரும் என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கியோடு, 2021இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னலின் (கருப்பகுதியின்) 5.15 பதிப்பில் என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய இயக்கியும் சேர்ந்தது. சுத்தமாக மூடப்படாத பிரிவைப் பழையது படிக்க மட்டுமாவது இணைக்கும் இடத்தில், புதியது இணைக்கவே மறுக்கக்கூடும். உங்கள் வட்டில் எதுவும் மாறாமலேயே பிழைச் செய்தி மாறுவதற்கு இது ஒரு காரணம்.

பிரிவு தானாக இணைய வேண்டும் என்று லினக்ஸின் எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் வரி எழுதியிருப்பவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். பிரிவைச் சாதனப் பெயரால் குறிக்காமல் யூயுஐடி என்ற அதன் தனி அடையாள எண்ணால் குறியுங்கள். சாதனப் பெயரின் வரிசை மாறக்கூடும். பயனர் எண்ணைச் சேர்க்காவிட்டால் பிரிவு ரூட் என்ற நிர்வாகப் பயனரின் உடைமையாகி, உங்களால் எழுத முடியாமல் போகலாம். உபுண்டுவில் முதல் பயனரின் எண் வழக்கமாக 1000. ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாத கணினியில் என்றாவது பிரிவை ஃபார்மட் செய்து யூயுஐடி எண் மாறிவிட்டால், லினக்ஸ் எழும்போதே அவசரநிலைத் திரையில் நின்றுவிடும்.

பிரிவு பூட்டுச் சின்னத்தோடு தெரிந்தால் அது விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கர். 48 இலக்க மீட்பு எண் கையில் இருந்தால் இன்றைய லினக்ஸிலேயே திறக்கலாம். மாணவர்களின் மதிப்பெண்கள் உள்ள கணினியை எம்ஆர்டி ரயிலில் நாள்தோறும் எடுத்துச் செல்பவர், வசதிக்காகப் பூட்டை நீக்கிவிடக்கூடாது என்பது என் கருத்து.

நேரக் குழப்பம் பலரின் கண்ணுக்குப் படுவதில்லை. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. சிங்கப்பூரில் இந்த வேறுபாடு சரியாக 8 மணி நேரம். இரவு 9 மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால், இணையத்தில் திருத்திக்கொள்ளும் வரை கடிகாரம் பிற்பகல் 1 மணி என்று காட்டும். அந்த இடைவெளியில் சேமித்த பயிற்சித் தாள், மாலையில் சேமித்ததைவிடப் பழையதாகத் தோன்றும். கோப்புகளை ஒத்திசைக்கும் நிரல் புதியதை விட்டுப் பழையதை வைத்துக்கொள்ளவும் கூடும். லினக்ஸின் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். பருவத்துக்கேற்பக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இந்த வழி தொல்லை தரும். நாம் 1982இலிருந்து 8 மணி நேர வேறுபாட்டிலேயே இருப்பதால் இங்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் நேரும் ஒன்று. என்டிஎஃப்எஸ் கோப்புப் பெயரில் 255 குறிகளை ஏற்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவமோ 255 பைட்டுகளை மட்டுமே ஏற்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண் காண்பது மூன்று எழுத்து. கணினி அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 15. ஆகவே ஏறத்தாழ 85 குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். அந்த ஆசிரியை தாள் ஒவ்வொன்றுக்கும் பாடம், தலைப்பு, தேதி, வகுப்பு எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கமுள்ளவர். மகன் அவற்றை லினக்ஸின் ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்தபோது சில தாள்கள் மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றதற்கு இதுவே காரணம். தேதியையும் வகுப்பையும் கோப்புறைப் பெயருக்கு மாற்றியதும் எல்லாம் நகலாகின.

எல்லாவற்றையும் முடித்தபின், விண்டோஸில் ஒரு சிறு உரைக் கோப்பை உருவாக்கி, வழக்கம்போல் ஷட்டவுன் கொடுங்கள். லினக்ஸில் அதே கோப்பில் இரண்டாம் வரியைச் சேர்த்துச் சேமித்து அணையுங்கள். மீண்டும் விண்டோஸில் திறக்கும்போது இரண்டு வரிகளும் இருந்து, கோப்பின் நேரமும் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனால் பொதுப் பிரிவில் வேலையைத் தொடரலாம்.