பச்சை எரிகிறது, சைக்கிளில் போகலாமா? சந்திப்பைக் கடக்கப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போன பலர், வேலை கிடைத்ததும் பைக்குக்கு மாறி, இப்போது மருத்துவர் சொன்னதற்காகவோ பெட்ரோல் விலைக்காகவோ மறுபடியும் சைக்கிள் வாங்குகிறார்கள். ஓட்டுவது மறக்கவில்லை. ஆனால் ஊர்ச் சாலையில் பழகிய கால், அண்ணா சாலை போன்ற அகலமான சாலையில் ஒரு சிக்னலுக்கு வந்ததும் தடுமாறுகிறது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, வலப்பக்கம் எப்படித் திரும்புவது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்பதால் இந்தப் பாடம் அப்படியே விடுபட்டுப் போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் விளக்கின் நேரக் கணக்கு மோட்டார் வண்டிகளின் வேகத்தை வைத்துப் போடப்பட்டது. விளக்குக்கு நாமும் கட்டுப்பட வேண்டும். ஆனால் அது தரும் நேரம் நமக்குப் போதுமா என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

படி 1: பலகையின் வடிவத்தைப் பாருங்கள்

சந்திப்பை நெருங்கும்போது பலகையில் உள்ள படத்துக்கு முன்னால் அதன் வடிவம்தான் கண்ணில் படும். வட்டம் என்றால் உத்தரவு. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் என்றால் தகவல். இந்த மூன்றும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது சைக்கிள் படம் போட்ட பலகைகளில்தான். படம் ஒன்றே, அதைச் சுற்றியுள்ள வடிவமும் நிறமும் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும். சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்துக்குள் சைக்கிள் இருந்தால், ‘இங்கே சைக்கிள்கள் குறுக்கே வரும், கவனம்’ என்று மற்ற வண்டிகளுக்குச் சொல்கிறது. நமக்கு அது வழியுரிமை எதையும் தரவில்லை. சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிளும் அதன் மேல் குறுக்குக் கோடும் இருந்தால், சைக்கிள் போகக் கூடாது. மேம்பாலங்களின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் இந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பாலத்தில் பாதி தூரம் ஏறிய பிறகு திரும்ப முடியாது. நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அது சைக்கிள் தடம். அதில்தான் போக வேண்டும். அந்தத் தடத்தில் தள்ளுவண்டியும் நிறுத்திய காரும் இருப்பது வேறு கதை.

சிக்னல் இல்லாத சந்திப்புகளில் இரண்டு பலகைகள் முக்கியம். எட்டு மூலைச் சிவப்புப் பலகை ‘நில்’. தலைகீழ் முக்கோணம் ‘வழி விடு’. வேறு எந்தப் பலகைக்கும் இந்த வடிவங்கள் கிடையாது. அதனால் பின்புறமிருந்து பார்த்தால்கூட அடையாளம் தெரியும். இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. குறுக்குச் சாலைப் பலகையின் முதுகைப் பார்த்தே, அந்தப் பக்கத்து வண்டி நமக்கு நிற்க வேண்டியதா என்று தெரிந்துகொள்ளலாம். நிற்குமா என்பதை ஓட்டுநரின் முகத்தையும் முன்சக்கரத்தையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

சிவப்பு வட்டில் வெள்ளைப் பட்டை போட்ட ‘நுழையாதே’ பலகை சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். ஒருவழிச் சாலையில் எதிரே போயே தீர வேண்டுமென்றால் இறங்கி, நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள்.

படி 2: நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சிவப்பு எரிகிறது. சாலையின் குறுக்கே தடித்த வெள்ளைக் கோடு இருக்கும். அதுதான் நிறுத்தக் கோடு. அதற்கு அப்பால் இருப்பது ஜீப்ரா கோடு, நடப்பவர்களுக்கு உரியது. பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்ரா கோட்டின் மேல் ஏறி நிற்கும். அவர்கள் போகிறார்கள் என்று நீங்களும் நகர வேண்டாம்.

கோட்டுக்குப் பின்னால் எந்த இடத்தில் நிற்பது? இடது ஓரம்தான் பாதுகாப்பு என்று தோன்றும். ‘ஃப்ரீ லெஃப்ட்’ பலகை உள்ள சந்திப்பில் அது தவறான இடம். சிவப்பிலும் இடப்பக்கம் திரும்ப அங்கே அனுமதி உண்டு. நீங்கள் நேராகப் போக வேண்டியவர். இடது ஓரத்தில் நின்றால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தே உங்களை நடுவில் தள்ளிவிடுவார்கள். இடப்பக்கம் திரும்பும் தடத்தை விட்டுவிட்டு, நேராகச் செல்லும் தடத்தின் இடது பாதியில் நில்லுங்கள். பலகையே இல்லாத இடத்தில் சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடப்பக்கத்தில் ஒருபோதும் நிற்க வேண்டாம். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. மூலையை ஒட்டி, இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். பஸ்ஸின் முன்பகுதி உங்களைக் கடக்கும்போது இரண்டடி இடைவெளி இருக்கும். பின்சக்கரம் வரும்போது அந்த இடைவெளி இருக்காது. ஓட்டுநருக்கோ அந்த மூலை கண்ணாடியில் தெரியாமலும் போகலாம். நீங்கள் நின்ற பிறகு பஸ் பக்கத்தில் வந்து நின்றால், கோட்டைத் தாண்டாமல் முடிந்தவரை முன்னே நகர்ந்து ஓட்டுநரின் கண்ணில் படுங்கள். அதற்கு இடமில்லை என்றால் அதன் பின்னால் போய்விடுங்கள்.

நிற்கும் முன்பே கியரை லேசாக்கிக்கொள்ளுங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றால், இடது கால் தரையில் இருக்க, வலது பெடலைச் சற்று மேலே முன்பக்கமாகத் தூக்கி வைத்திருங்கள். முதல் மிதியிலேயே வண்டி நேராகக் கிளம்பும், தள்ளாடாது.

படி 3: பச்சையைக் கணக்குப் பாருங்கள்

புதியவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் தவறுவது இங்கேதான். கொஞ்சம் எண்களோடு பார்ப்போம்.

சாதாரணமாக மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வரும். அதாவது விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். நிறுத்தக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் வரை 30 மீட்டர் என்றால் கடக்க 7 விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதே தூரத்தை 3 விநாடிக்குள் தாண்டிவிடும். மஞ்சள் விளக்கு பொதுவாக 3 முதல் 5 விநாடி எரியும். காருக்கு அது தாராளம். பச்சையின் கடைசி விநாடியில் நுழைந்த சைக்கிளோ, மஞ்சள் 3 விநாடியில் முடியும்போது 12 மீட்டரில், அதாவது சந்திப்பின் நட்டநடுவே இருக்கும். சட்டப்படி பச்சையில்தான் நுழைந்தீர்கள். ஆனால் குறுக்குச் சாலையில் காத்திருந்தவர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள்.

எனவே கவுன்ட் டவுன் எண் ஓடும் சிக்னலில், உருண்டுகொண்டே வந்து கடக்க 7 விநாடி வேண்டும் என்று வையுங்கள். எண் 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் நின்றுவிடுங்கள். மஞ்சளின் விநாடிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அவை தவறு நேர்ந்தால் கைகொடுக்க மட்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பினால் வேகம் பிடிக்கவே நேரம் ஆகும். அதே 30 மீட்டருக்கு ஏறக்குறைய 10 விநாடி தேவைப்படும். இருபக்கமும் சர்வீஸ் சாலை உள்ள அகன்ற சந்திப்புகளுக்கு இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வழியிலுள்ள பெரிய சந்திப்பை ஒருமுறை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கடந்து பாருங்கள்; பிறகு அந்த எண் நினைவில் நிற்கும்.

எண் ஓடாத சிக்னலில் என்ன செய்வது? தூரத்திலிருந்து பார்க்கும்போதே பச்சையாக இருந்தால் அது பழைய பச்சை. எப்போது எரியத் தொடங்கியது என்று தெரியாது. மிதிப்பதைக் குறைத்து, கை பிரேக்கில் இருக்க, குறுக்குச் சாலையைக் கவனியுங்கள். அங்கே பைக்குகள் அங்குலம் அங்குலமாக முன்னே நகர்ந்தால் உங்கள் பச்சைக்கு ஆயுள் முடிகிறது என்று பொருள். உங்கள் கண்ணெதிரே சிவப்பிலிருந்து மாறிய பச்சை புதியது. அதில் போகலாம். ஆனாலும் பச்சை விழுந்ததும் பாய வேண்டாம். குறுக்கே கடைசி நேரத்தில் சீறிக்கொண்டு வருபவர் ஒருவராவது இருப்பார். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால் குறுக்குச் சாலை வண்டி முதலில் வலப்பக்கத்திலிருந்து வரும். வலம் பார்த்து, இடம் பார்த்து, பிறகு மிதியுங்கள்.

மஞ்சள் என்றால் ‘சீக்கிரம் போ’ என்று நம் ஊரில் ஒரு வழக்கம். அதன் உண்மைப் பொருள் ‘நில்’. கோட்டைத் தாண்டிவிட்டவர்களும், திடீரென நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதும் நிலையில் இருப்பவர்களும் மட்டும் தொடரலாம். மழை நாளில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும் என்பதால் கோட்டுக்கு வெகு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள்.

பச்சை அம்புக்குறி எரிந்தால் அம்பு காட்டும் திசைக்கு மட்டும்தான் அனுமதி. பச்சை மனித உருவம் நடப்பவர்களுக்கு. அதில் நீங்களும் போகலாம், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினால்.

படி 4: வலப்பக்கம் திரும்புவது

சிறிய சாலையில், போக்குவரத்துக் குறைவான நேரத்தில், பைக்கைப் போலவே திரும்பலாம். திரும்பிப் பின்னால் பார்த்து, வலது கையைத் தோள் உயரத்தில் நீட்டி, மெல்ல நடுப்பக்கம் வந்து, எதிரே வருபவர்களுக்கு வழிவிட்டுத் திரும்புங்கள். பார்ப்பது முதலில், கை நீட்டுவது பிறகு. கையை நீட்டிவிட்டால் எல்லோரும் நின்றுவிடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

ஆறு தடச் சாலையில் இது வேண்டவே வேண்டாம். அங்கே இரண்டு கட்டமாகத் திரும்புங்கள்.

முதல் கட்டத்தில், நீங்கள் நேராகப் போகிறவர். வலது கையைக் காட்டாதீர்கள். காட்டினால் பின்னால் வருபவர் நீங்கள் குறுக்கே வெட்டப்போகிறீர்கள் என்று நினைத்து இடப்பக்கம் ஒதுங்குவார், நீங்களோ அங்கேதான் இருப்பீர்கள். பச்சையில் இடப்பக்கமாகவே சந்திப்பைக் கடந்து, எதிர்ப்புற இடது மூலைக்கு வாருங்கள். அங்கே ஓரத்தில் நின்று, இறங்கி, சைக்கிளின் பின்பகுதியைச் சற்றுத் தூக்கி, நீங்கள் போக வேண்டிய திசைக்குத் திருப்புங்கள். இப்போது குறுக்குச் சாலையில் காத்திருக்கும் வண்டிகளுக்கு முன்னால், அவர்களின் இடது ஓரத்தில் நிற்கிறீர்கள்.

இரண்டாவது கட்டம்: இனி உங்களுக்குரிய விளக்கு, குறுக்குச் சாலைக்காரர்களுக்கு எதிரே தெரியும் விளக்கு. அது பச்சையானதும் அவர்களோடு சேர்ந்து நேராகப் போய்விடலாம். விளக்கு உங்கள் முதுகுப்பக்கம் இருந்து கண்ணில் படவில்லை என்றால், பக்கத்தில் நிற்கும் வண்டிகள் கிளம்பும் வரை பொறுத்திருங்கள்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. அந்த மூலை குறுக்குச் சாலைக்காரர்களின் ஃப்ரீ லெஃப்ட் வழியாக இருந்தால், நீங்கள் அவர்கள் பாதையை மறித்து நிற்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் சைக்கிளை நடைபாதை மேல் ஏற்றி, ஜீப்ரா கோட்டின் வழியே தள்ளிக்கொண்டு கடப்பதே நல்லது. இதில் ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். டென்மார்க்கில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு கட்டமாகத்தான் திரும்ப வேண்டும் என்பது சட்டம். அவர்கள் வலப்பக்கமாக ஓட்டுபவர்கள் என்பதால் அவர்களுக்குச் சிரமமான திருப்பம் இடப்பக்கம். உலகமே மெச்சும் சைக்கிள் நாட்டுக்காரர்களே இப்படித் திரும்பும்போது நமக்கு என்ன கூச்சம்?

படி 5: விளக்கு வேலை செய்யாதபோது

காவலர் நின்று கையசைத்தால் விளக்கை மறந்துவிடுங்கள். அவர் கைதான் சிக்னல். உள்ளங்கையை உங்களை நோக்கி உயர்த்தினால் நில்லுங்கள், விளக்கு பச்சையாக இருந்தாலும்.

இரவில் பல சந்திப்புகளில் மஞ்சள் மட்டும் மினுக்கும். வேகத்தைக் குறைத்து, பார்த்துப் போகலாம் என்று பொருள். சிவப்பு மினுக்கினால் முழுவதுமாக நின்று, பிறகு போக வேண்டும். இரவில் பின்பக்கம் சிவப்பு விளக்கு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ரவுண்டானாவில் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு, அதாவது வலப்பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். உள்ளே நுழைந்த பின் வெளி ஓரத்தை ஒட்டியே சுற்றினால் ஒவ்வொரு வெளிவழியிலும் கார்கள் உங்களை வெட்டிக்கொண்டு வெளியேறும். நேராகப் போக வேண்டுமென்றால் உங்கள் தடத்தின் நடுவில் ஓட்டுங்கள். வெளியேறும் இடம் வரும்போது இடது கையை நீட்டுங்கள். பெரிய ரவுண்டானா என்றால் இங்கும் இறங்கித் தள்ளலாம்.

படி 6: ரயில்வே கேட்

சாலைச் சந்திப்பு இல்லையென்றாலும் இதுவும் ஒரு கடப்புதான். முக்கோணத்துக்குள் கேட் படம் இருந்தால் ஆள் உள்ள கடவு; ரயில் எஞ்சின் படம் இருந்தால் கேட் இல்லாத கடவு. மூடிய கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போகும் வித்தை எல்லா ஊரிலும் நடக்கிறது. இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போன உடனே எதிர்த்திசையில் இன்னொன்று வரக்கூடும்; முதல் ரயிலின் சத்தத்தில் இரண்டாவது காதில் விழாது. கேட் முழுவதும் உயர்ந்த பிறகே கிளம்புங்கள். தண்டவாளத்தை ஒட்டியுள்ள பள்ளத்தில் மெல்லிய டயர் இறங்கினால் ஹேண்டில்பார் திரும்பாது. ஆகவே தண்டவாளத்தைச் சாய்வாக வெட்டாமல் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாலையே சாய்வாகக் கடந்தால், பின்னால் பார்த்துவிட்டு உங்கள் பாதையைச் சற்று வளைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் நனைந்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.