ஒரே கொழுந்து, இரண்டு தேநீர்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

"இதில் கிரீன் டீ செடி எது?" என்று கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டார். அப்படித் தனிச் செடி கிடையாது. எனக்குத் துணையாக ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்பதே ஆறுதல்: தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸும் 1762இல் கிரீன் டீ, நாம் வழக்கமாகக் குடிக்கும் கறுப்புத் தேயிலை இரண்டையும் வெவ்வேறு இனங்களாகத்தான் எழுதிவைத்தார்.

நண்பர் கொடுத்த கொழுந்தை பிளாஸ்டிக் பையில் திணித்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். வீட்டில் திறந்தால் பை சூடாக இருந்தது, பாதி இலைகளின் ஓரம் சிவந்திருந்தது. கசங்கிய இடத்தில் கறுப்புத் தேயிலை தானாகவே தொடங்கிவிட்டது! ஆகவே துணிப்பையில் தளர்வாகக் கொண்டுவாருங்கள். மருந்து அடிக்காத இலைதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்கிறதல்லவா? செல்கள் உடைந்ததும் உள்ளிருக்கும் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்களை மாற்றுகிறது. தேயிலையிலும் அதேதான். அந்த நொதியைச் சூடுகாட்டி முதலிலேயே முடக்கினால் கிரீன் டீ. வேலை செய்யவிட்டுப் பிறகு முடக்கினால் கறுப்புத் தேயிலை.

இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பறித்த கொழுந்து 200 கிராம் எடுத்துச் சரிபாதியாகப் பிரியுங்கள்.

கிரீன் டீ

பறித்த அன்றே செய்யுங்கள். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பார்கள், ஜப்பானில் ஆவி காட்டுவார்கள். நமக்கு இட்லிப் பானை இருக்கிறதே! தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்தபின், தட்டில் இலையை மெல்லப் பரப்பி ஒரு நிமிடம் மூடுங்கள். உடனே துணியில் கொட்டி விசிறி ஆற்றி, ஈரத்தை ஒற்றியெடுங்கள். உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டி, வாணலியில் மிகச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஒடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும்.

கறுப்புத் தேயிலை

இங்கேதான் பொறுமை வேண்டும். மீதி இலையை முறத்தில் பரப்பி, நிழலில் ஓர் இரவு வாட்டுங்கள். காம்பை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். ஒடிந்தால் இன்னும் வாடவில்லை. அவசரப்பட்டு உருட்டினால் இலை துண்டு துண்டாகிவிடும்.

பிறகு கால் மணி நேரமாவது அழுத்தி உருட்டுங்கள். சாறு கசிந்து கை பிசுபிசுக்க வேண்டும். செல்களை உடைப்பதுதான் இங்கே நோக்கம். உருட்டியதை ஓர் அங்குல உயரத்துக்குக் குவித்து, ஈரத்துணியால் மூடிவையுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் மூக்குக்குத்தான் வேலை. முதலில் பச்சைப் புல் வாசனை வரும், மெல்ல மெல்ல அது பழ வாசனையாக மாறும். நிறமும் செம்புக்கு வரும். தொழிற்சாலைகளில் இதை நொதித்தல் என்கிறார்கள். ஆனால் இட்லி மாவைப்போல நுண்ணுயிர்கள் புளிக்கவைப்பதல்ல, இது ஆக்சிஜனேற்றம். தேநீருக்குச் செம்மையும் துவர்ப்பும் தரும் தியாஃப்ளேவின், தியாருபிஜின் இரண்டும் இப்போதுதான் உருவாகின்றன. பழ வாசனை தூக்கலாக வந்ததும் வாணலியில் போட்டு உலர்த்திவிடுங்கள்.

100 கிராம் கொழுந்துக்கு 20 கிராம் சொச்சம்தான் தேறும். மனம் தளர வேண்டாம், தொழிற்சாலையிலும் நான்கு கிலோவுக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள்.

கிரீன் டீக்குக் கொதிநீர் ஆகாது, கசந்துவிடும். 80 டிகிரிக்கு ஆறவிட்டு இரண்டு நிமிடம் ஊறவையுங்கள். கறுப்புக்குக் கொதிநீரே சரி, நான்கு நிமிடம். அதில் பால் ஊற்றிப் பார்த்தேன், வெளிறிப்போனது. கடைத் தூளில் பெரும்பகுதி சிடிசி இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டப்பட்டது. கையால் உருட்டிய இலைக்கு அந்தக் கடுப்பு வராது, பாலில்லாமல் குடியுங்கள்.